வார்ப்புப் பட்டறை நடத்துவோருக்கு ஒரு லேத்காரரின் மடல்

யாழ்ப்பாணத்து வார்ப்புப் பட்டறை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் வார்க்கும் கப்பிகளையும் தண்ணீர்ப் பம்பி மூடிகளையும் லேத்தில் ஏற்றிக் கடைபவன் நான். ஒரே அச்சில் வந்த துண்டுகளில் ஒன்று கரும்பொடியாக உதிர்ந்து ஒழுங்காக வெட்டுப்படுகிறது. அடுத்தது விளிம்புக்கு வந்ததும் கீச்சிட்டு, வெட்டும் உளியின் கார்பைட் நுனியைத் தின்றுவிடுகிறது. அதை உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி சாம்பல் நிறம், மெல்லிய விளிம்பு மட்டும் வெள்ளையாக மினுங்கும். அந்த இடம் சட்டென்று குளிர்ந்ததால், இரும்பிலுள்ள கரி (கார்பன்) கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கடினமாக உறைந்திருக்கிறது.

இதைத் தவிர்க்கப் புது உலை தேவையில்லை. சிலிக்கன் 75 வீதம் உள்ள பெரோசிலிக்கனை (இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த கலவை), 100 கிலோ உருகிய இரும்புக்கு 200 முதல் 300 கிராம் வரை, நன்றாகக் காயவைத்துச் சிறு துண்டுகளாக, இரும்பு கரண்டியில் விழும்போதே போடுங்கள். அதன் வேலை சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும், ஆகவே உடனே வார்த்துவிட வேண்டும்.

கரண்டிக்கு எடுக்குமுன், உலையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆப்பு வடிவில் ஒரு சின்னச் சோதனைத் துண்டு வார்த்து, ஆறவிட்டு உடையுங்கள். நுனியில் வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளந்தால் உருகிய இரும்பின் குணம் தெரியும். கூடியிருந்தால் அச்சில் ஊற்றாமல் திருத்தலாம். பழைய இரும்பையும் பிரித்துப் போடுங்கள்: வார்ப்பிரும்பு எஞ்சின் பிளொக் நல்லது, எவர்சில்வர் சேர்ந்தால் குரோமியம் கடினத்தைக் கூட்டும், துத்தநாகம் பூசிய தகட்டின் புகை உருக்குகிற பெடியளின் நெஞ்சைப் பிடிக்கும்.

கழித்த துண்டைத் திரும்ப உருக்கலாம்தான். ஆனால் முதல் முறை செலவான மின்சாரமும், மணலும், கூலியும் திரும்புமா? வெட்டி முடித்தபின் கழிந்தால் எங்கள் உழைப்பும் சேர்ந்து போகிறது.

சரி, எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். சாம்பல் வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் எண்ணெயோ தண்ணீரோ இல்லாமலே கடையலாம். அப்படிக் கடைந்து, உருக்குச் சீவல் கலக்காத பொடியை உங்களுக்கே திருப்பித் தருகிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நமக்குத் தெரியும். அடியில் சுண்ணாம்புக்கல் உள்ள இந்த மண்ணில் ஊற்றுவது எளிதாகக் கிணற்றுநீருக்கு இறங்கிவிடும், ஆகவே கழிவெண்ணெயை ஊற்றக்கூடாது.

அடுத்த உருக்கலில் வரும் துண்டுகளில் உருக்கல் எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, உடைத்த ஆப்பில் ஒரு பாதியையும் சாக்கில் போட்டு அனுப்புங்கள். அதைப் பார்த்து லேத்தின் வேகத்தை வைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு லேத் பட்டறைக்காரன்