மனுவோடு பெயரும் போய்ச் சேர்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநில அரசின் பொறியியல் துறை ஒன்றில் இளநிலை வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கிராமச் சாலைப் பணிக்குப் பணம் கேட்டு வந்த பட்டியலைச் சரிபார்த்தபோது, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் தார்க்கலவையின் தடிமன் 30 மி.மீ. என்றிருந்தது. நேரில் போய்ச் சாலை ஓரத்தைப் பெயர்த்து அளந்தேன். 20 மி.மீ.கூட இல்லை.

மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். என் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அதன் நகல், 'அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு, நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவர் மேசைக்கே வந்தது. என் கையெழுத்தின் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அடுத்த மாதமே 'நிர்வாக நலன் கருதி' மாறுதல். அப்போது என் மகன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

தேசிய நெடுஞ்சாலைப் பணியில் இருந்த பொறியாளர் சத்யேந்திர துபேயும் அங்கு நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது பெயரை மறைக்கும்படிதான் கேட்டார். அந்தக் கடிதமும் பெயரோடுதான் அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்த பிறகு, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ஒட்டிய உறையில் எழுதலாம். உறையின் மேல் பெயர் எழுதக் கூடாது. உள்ளே கடிதத்தில் எழுத வேண்டும். பெயரைக் காப்பது ஆணையத்தின் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் அதன் நிறுவனங்களுக்கும் மட்டுமே. என் போன்ற மாநில ஊழியருக்கு இல்லை.

மாநிலங்களையும் சேர்த்துத்தான் 2014-இல் ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மனுதாரரின் பெயரை வெளியிட்டால் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது அது. பழிவாங்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அலுவலகத்தின் மீதே சுமத்துகிறது. இந்த ஒரு பிரிவு அன்று நடப்பில் இருந்திருந்தால் அந்த மாறுதல் ஆணைக்கு அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தும், அமலுக்கு வரும் தேதியை அரசிதழில் அறிவிக்காமலே வைத்திருக்கிறார்கள்.

அந்த அறிவிக்கையை மத்திய அரசு உடனே வெளியிட வேண்டும். அதுவரை, பெயரை நீக்காமல் எந்த ஊழல் மனுவையும் கீழே அனுப்பக் கூடாதென்று தமிழக அரசாவது ஓர் ஆணை பிறப்பிக்கலாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இப்போது உதவிப் பொறியாளர். யாருக்கு எழுதினால் பெயர் வெளியே வராது என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு முகவரி இல்லை.

— ஓய்வுபெற்ற இளநிலை வரைதொழில் அலுவலர், விருதுநகர் மாவட்டம்