ஒஷோக்போவிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்

அன்புள்ள மீனா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கோபத்தில் இருப்பாய், ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்தபிறகுதான் மூச்சு வந்தது. பரமு மாமா இன்னும் அந்தக் குடையைத் தேடிக்கொண்டிருக்கிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நைஜீரியாவின் ஒஷோக்போ நகரத்துக்குப் போயிருந்தேன். லாகோஸிலிருந்து இபாதான் வழியாகக் காரில். யொரூபா மக்களின் ஆற்றுத் தெய்வமான ஒஷுனுக்கு அங்கே ஆண்டுதோறும் திருவிழா. ஊரைத் தூய்மைப்படுத்தும் சடங்கு, பதினாறு திரி விளக்கு என்று நாள்கணக்கில் நடக்கிறது. நான் போனது கடைசி நாளுக்கு.

அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் ஒரே பெண்மீதுதான். அருக்பா என்பார்கள். அரச குடும்பத்துக் கன்னிப்பெண். ஊராரின் காணிக்கைகள் நிறைந்த பெரிய சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து, அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைத் தோப்புவரை நடக்கிறாள். வழியில் அவள் கால் இடறினால் ஊருக்கு ஆகாது. அவள் என்னைக் கடந்து போனபோது கைநீட்டும் தூரத்தில் நின்றேன். குடுக்கையை மூடிய துணி முகத்திலும் பாதியை மறைத்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. சுற்றிலும் முரசுகள் காதைப் பிளக்கின்றன, "ஓரே யேயே ஓ!" என்று கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அவளோ பாதத்தை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றிப் பார்த்து வைக்கிறாள். அவளுக்கு என்ன வயதிருக்கும், மீனா! நம் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது.

என் பக்கத்தில் வெள்ளுடையில் நின்ற பிரேசில்காரப் பெண்மணி தேம்பி அழுதார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொரூபா மக்கள் இந்தத் தெய்வத்தை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் பாட்டி வணங்கிய ஆறு இது. இவர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்.

தோப்பு சுமார் 75 ஹெக்டேர். 1950-இல் நைஜீரியாவுக்கு வந்த சூசன்னே வெங்கர் என்ற ஆஸ்திரிய ஓவியரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். காசநோயில் படுத்து எழுந்தவர், இந்த வழிபாட்டுக்குள் வந்து, பூசாரியும் ஆனார். மரம் வெட்டுவதையும் வேட்டையையும் மீன்பிடிப்பதையும் எதிர்த்து நின்றார். உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து மரங்களுக்கு நடுவே பிரம்மாண்டமான சிற்பங்களை எழுப்பினார். 2005-இல் யுனெஸ்கோ இந்தத் தோப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெங்கர் 2009-இல் ஒஷோக்போவிலேயே கண்மூடினார்.

இத்தனை பேர் காத்த ஆறு எப்படி இருக்கிறது தெரியுமா? பால் குறைந்த தேநீர் நிறம். மேலே ஆற்றோரங்களில் தங்கத்துக்காக மண்ணைத் தோண்டி அலசுகிறார்கள், பலர் உரிமம்கூட இல்லாமல். சேறு மொத்தமும் இங்கே வருகிறது. குடிக்காதீர்கள் என்று மாநில அரசே 2022-இல் எச்சரித்தது. யார் கேட்கிறார்கள்? பிள்ளை வரம் தரும் தண்ணீர் அல்லவா! என் கண்ணெதிரே ஒரு தாய் மஞ்சள் கேனை அமிழ்த்தி நிரப்பினாள். மூடியில் கொஞ்சம் ஊற்றி இடுப்புக் குழந்தையின் வாயில் வைத்தாள். அது சப்புக்கொட்டிக் குடித்தது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் நம்பிக்கையைப் பற்றிப் பேச நான் யார் என்று அப்போது தோன்றியது. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது ஒவ்வொரு இரவும் தோன்றுகிறது. ஆற்றில் மீன் பிடிப்பதே பாவம் என்கிற ஊர் அது. அந்த மீன்கள் ஒஷுனின் தூதர்களாம். தூதர்களையும் சேர்த்துத்தானே நஞ்சூட்டுகிறார்கள்!

கிளம்பும்போது ஒரு மூதாட்டி என் கையிலும் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டார், ஆசீர்வாதம் என்று. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு விரற்கடை வண்டல் படிந்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. நீ வேதியியல் ஆசிரியை. தங்கம் பிரிக்கப் பாதரசம் சேர்ப்பார்களாமே, அது இந்தத் தண்ணீரில் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது, எந்த மாதிரி ஆய்வகத்தைக் கேட்பது? அதை மட்டும் முதலில் எழுது. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்.

உன்
கலா