வழி நமக்கே என்றாலும் ஒதுங்கத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுப் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டதிலிருந்து, பிள்ளையைச் சேர்க்கலாமா என்று என்னிடமே பலர் விசாரிக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: வேகத்தையும் பதக்கத்தையும் எழுதிய கட்டுரை, படகுகள் மோதிக்கொள்வதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

என் மகள் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு இடப்பக்கம் வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். “ஸ்டார்போர்டு!” (எனக்கு வலப்பக்கக் காற்று, வழிவிடு) என்று கத்தவும் பழகிவிடுகிறார்கள். ஆனால் பாய்மரப் போட்டி விதிகளில் 14ஆம் விதி அவ்வளவாக மனதில் பதிவதில்லை. எதிர்ப்படகு ஒதுங்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால், வழியுரிமை உள்ள படகும் முடிந்தவரை மோதலைத் தவிர்த்தே ஆக வேண்டும். சேதமோ காயமோ ஆகிவிட்டால் “வழி எனக்குத்தான்” என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது.

கத்துவதைவிடப் பார்ப்பது முக்கியம். பிள்ளை காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்ந்திருக்கும். மறுபக்கம் முழுவதையும் பாய் மறைத்துவிடும். அந்த மறைவிலிருந்துதான் அடுத்த படகு வந்து நிற்கிறது. அடிக்கடி குனிந்து, பாயின் கீழ்விளிம்பைப் பிடித்திருக்கும் கம்பமான பூமுக்கு அடியில் பார்த்தால்தான் தெரியும். போட்டி தொடங்கும் கடைசி ஒரு நிமிடத்தில் எல்லாப் படகும் கோட்டருகே நெருக்கியடிக்கும்போது, எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கிறது. ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளமே உள்ள சின்னப் படகுதான். ஆனாலும் இடித்த அதிர்ச்சியில் பூம் திரும்பினால் நேராகத் தலையில்தான் படும். லைஃப் ஜாக்கெட் போலவே ஹெல்மெட்டையும் சிறுவர்களுக்குக் கட்டாயமாக்கினால் என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. 2018 ஜனவரியில், உலகைச் சுற்றிவரும் பாய்மரப் போட்டியான வோல்வோ ஓஷன் ரேஸில் ஹாங்காங்கை நெருங்கிய வெஸ்டாஸ் அணியின் படகு இரவில் ஒரு மீன்பிடிப் படகோடு மோதியது. மீனவர் ஒருவர் உயிரிழந்தார். கருவிக்கும் அனுபவத்துக்கும் குறைவில்லாத அணி அது. சென்னையில் காசிமேட்டு மீன்பிடிப் படகுகள் போய்வருவதும் நம் பிள்ளைகள் படகு ஓட்டும் கடலில்தான். போட்டி விதி மீனவரைக் கட்டுப்படுத்தாது. போட்டியில் இல்லாத படகு எதிரே வந்தால் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள்தான் செல்லும். அவற்றின்படி வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் ஒதுங்க வேண்டும். இதைப் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும். போட்டி நடக்கும் இடத்தையும் நேரத்தையும் மீனவர் சங்கங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது, பாதுகாப்புப் படகில் நிற்பவர்களிடமும் பேசி எழுதுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராயபுரம், சென்னை