பிறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டாம்

பன்னாட்டுக் கணித ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவருகிறேன். உங்கள் பன்னாட்டுக் கணித மாநாட்டில் நீங்கள் கொடுக்கும், கணிதத்தின் மிக உயரிய பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்படும் நாளில் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பதக்கத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான், அதன் வயது வரம்பைப் பற்றி இதை எழுதுகிறேன்.

1936-ல் ஆஸ்லோவில் முதல் பதக்கங்களை வாங்கியவர்கள் பின்லாந்தின் லார்ஸ் ஆல்ஃபோர்ஸும் அமெரிக்காவின் ஜெஸ்ஸி டக்ளஸும். ஆசியாவிலிருந்து முதல் ஆளாக ஜப்பானின் குனிஹிகோ கோடைரா வர 1954 ஆனது. ஒரு பெண் வர 2014 ஆனது. ஆனால் அண்மை மாநாடுகளில் மேடையின் முகமே மாறிவிட்டது. 2010-ல் வியட்நாமின் ஙோ பாவ் சௌ. 2014-ல் ஈரானின் மரியம் மிர்சாகானி, பிரேசிலிலேயே முனைவர் பட்டம் வரை படித்த ஆர்தர் அவிலா. 2018-ல் ஈரானின் குர்துப் பகுதியில் பிறந்து, பிரிட்டனில் தஞ்சம் கேட்டு வந்த கௌசர் பிர்கார். 2022-ல் கீவில் பிறந்த மரீனா வியாசோவ்ஸ்கா, கவிஞராகும் ஆசையில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜூன் ஹூ. இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

முப்பது வயதுக்கு மேல் மீண்டும் படிக்க வந்த மாணவி ஒருவர் மட்டும் வகுப்பு முடிந்ததும் வந்து, "எனக்கு நேரம் முடிஞ்சுபோச்சா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் விதிப்படி, மாநாடு நடக்கும் ஆண்டின் ஜனவரி 1-க்கு முன்பே 40 வயதைத் தொட்டவருக்குப் பதக்கம் கிடையாது. மாநாடோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். 1985 டிசம்பரில் பிறந்தவருக்கு 2022 மாநாடே கடைசி. ஒரு மாதம் கழித்து, 1986 ஜனவரியில் பிறந்தவருக்கு 2026-ம் உண்டு.

2010 முதல் வென்றவர்களாக மேலே சொன்ன ஆறு பேருக்கும் ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவிலாவைத் தவிர மற்ற ஐந்து பேருக்கும் பதக்கம் வாங்கிய அந்த மாநாடே கடைசி வாய்ப்பு! மற்ற வெற்றியாளர்கள் பலருக்கும் இப்படி நேர்ந்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நேர்வழியில் வராமல் சுற்றுவழியில் கணிதத்துக்கு வந்தவர்களுக்குத்தான் இது கத்தி மேல் நடை. பிர்கார் 2000-ல் பிரிட்டன் வந்து, 2004-ல் நாட்டிங்ஹாமில் முனைவர் பட்டம் பெற்றவர். பதக்கம் வாங்கும்போது வயது 40. அவருடைய தஞ்ச மனு இன்னும் சில ஆண்டுகள் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் ஹூ கல்லூரியின் கடைசி ஆண்டில், 1970-ல் இதே பதக்கத்தை வென்ற ஹிரோனாகாவின் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் கணிதத்துக்கே வந்தார். இவர்கள் கோட்டைத் தொட்டுவிட்டார்கள். தொடாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

தெரிந்த ஒரு பெயர் யிடாங் சாங். சீனாவின் கலாச்சாரப் புரட்சியில் பள்ளிப் படிப்பை இழந்து, 23 வயதில் பல்கலைக்கழகம் போனவர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் கல்லூரி வேலை கிடைக்காமல் உணவுக் கடையில் வேலை பார்த்தார். ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளியில் முடிவில்லாமல் பகா எண் இணைகள் உண்டு என்று 2013-ல் நிறுவியபோது அவருக்கு வயது 58. அதே ஆண்டில் ஜேம்ஸ் மேனார்ட் வேறொரு வழியில் அந்த இடைவெளியை 600-க்குக் கொண்டுவந்தார். 2022-ல் மேனார்டுக்குப் பதக்கம் கிடைத்தது முழுக்க நியாயம். சாங்கின் பெயரோ பரிசீலனைக்கே வர முடியாது.

இளைஞர்களை ஊக்குவிப்பதே பதக்கத்தின் நோக்கம் என்பீர்கள். பதக்கத்தைத் தொடங்கக் காரணமான ஜான் சார்லஸ் ஃபீல்ட்ஸ் விரும்பியது செய்த பணிக்கு அங்கீகாரமும், இனிச் செய்வதற்கு ஊக்கமும். 40 என்ற எண்ணை அவர் எழுதிவைக்கவில்லை. அது 1966-ல் வந்த விதி. 1998-ல், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிய ஆண்ட்ரூ வைல்ஸுக்கு வயது கடந்துவிட்டதென்று தனியாக ஒரு வெள்ளிப் பட்டயம் கொடுத்தீர்கள். விதி இடிக்கிறது என்று அப்போதே உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வரம்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் பதக்கம் மூத்தவர்களிடமே போய்ச் சேரும். பிறந்த தேதிக்குப் பதிலாக முனைவர் பட்டத்திலிருந்து எண்ணுங்கள், 14 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைப்பேறு, போர், அகதி வாழ்க்கை, நோய் ஆகியவை தின்ற காலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம் கால வரம்பை நீட்டுகிறது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. 2022 வரை பதக்கம் பெற்ற 64 பேரில் பெண்கள் இருவர்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாங்குக்கு இந்த ஏற்பாடும் போதாமல் போயிருக்கலாம். ஆனால் பிர்காரைப் போல் அகதியாக வந்த இன்னொருவர், அதில் இழந்த காலத்தால் வாய்ப்பைத் தவறவிட மாட்டார்.

அடுத்த பொதுச்சபையில் இதை உறுப்பு நாடுகளின் வாக்குக்கு வையுங்கள். மாற்ற முடியாது என்று முடிவானால், காரணத்தை வெளிப்படையாக எழுதுங்கள். அந்த மாணவியிடம் அதையாவது காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்