விடியும்வரை எங்களோடு இருந்தவர்களுக்கு

மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்து, பங்குனிப் பொங்கல் இரவில் எங்கள் அம்மன் கோயில் திடலில் வள்ளி திருமணம் நடத்திக்கொடுத்த நாடகக் கலைஞர்கள் அனைவருக்கும் விழாக் குழுவின் சார்பில் வணக்கம்.

நோட்டீஸில் உங்கள் பெயர், ஊர், ஏற்கும் வேடம் மூன்றையும் அச்சடித்தோம். அதற்கு மேல் அதில் இடமில்லை. ஆனால் அன்று மாலை நான்கு மணி முதல் நீங்கள் அரிதாரம் பூசத் தொடங்கும்வரை பள்ளிக்கூட வகுப்பறையில் உங்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேடையில் நின்றவர்கள் யார், எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது எங்கள் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நீங்கள் சொன்னவை உங்கள் சொந்த வாழ்க்கை என்பதால் பெயர்களை எழுதவில்லை. எழுதச் சம்மதித்ததற்கே முதல் நன்றி.

எங்கள் திடலில் பதினோரு ஆண்டுகளாக நாடகம் இல்லை. ஆடல் பாடல் நிகழ்ச்சிதான் நடந்துவந்தது. இம்முறை நாடகம்தான் வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசினார்கள். விழா வரிக்கு மேல் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தருவதாக மகளிர் குழுவினர் சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது என்பதை எங்கள் இளைஞர்கள் நம்ப மறுத்தார்கள். ராஜபார்ட் எனும் நாயகன், ஸ்திரீபார்ட் எனும் நாயகி, கோமாளியான பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துகிறோம். அந்த ஓர் இரவுக்காக மட்டுமே அவர்கள் ஒன்று சேர்கிறார்கள். அன்று வள்ளியும் முருகனும் முதன்முதலாகச் சந்தித்ததே எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில்தான், இரவு எட்டு மணிக்கு. "எந்தப் பாட்டில் நுழைவீர்கள்?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர் ஓர் அடியைப் பாடிக் காட்டினார், பேச்சு முடிந்தது. அதிகாலை மூன்று மணிக்கு அவர்கள் இருவரும் செய்த தர்க்கத்தை, அதாவது பாட்டும் வசனமுமான வாதத்தைக் கேட்டவர்கள், பல ஆண்டுகள் சேர்ந்து நடித்தவர்கள் என்றே நினைத்திருப்பார்கள். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் எழுதி வைத்த பாட்டும் வசனமும் நூறாண்டு தாண்டியும், முன்பின் அறியாத இருவரை ஒரே மேடையில் இணைத்துவைக்கின்றன.

வள்ளியாக வந்த அம்மா, உங்களுக்கு. உங்கள் பாட்டியும் ஸ்திரீபார்ட், தாயாரும் ஸ்திரீபார்ட், தந்தை மிருதங்கம். ஐந்து வயதில் அரிச்சந்திர மயான காண்டத்தில் லோகிதாசனாகப் படுத்துக்கொண்டு, உண்மையாகவே தூங்கிப்போனதைச் சொல்லிச் சிரித்தீர்கள். பள்ளியில் தாயின் தொழில் என்ன என்று கேட்டபோது 'தையல்' என்று சொன்னதை மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள். கூத்தாடி வீட்டுப் பிள்ளை என்ற சொல்லுக்குப் பயந்த அந்தச் சிறுமிதான் இன்று வருடத்துக்கு நூறு இரவுகளுக்கு மேல் தினைப்புனம் காக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் துணிக்கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தாயாரின் குரல் கெட்டுப்போனதும் அவர் ஒப்புக்கொண்டிருந்த நாடகங்களை முடித்துக்கொடுக்க மேடையேறியவர் நீங்கள். பிறகு இறங்கவே இல்லை.

முருகனாக வந்த அண்ணனுக்கு. நீங்கள் நாடகக் குடும்பம் இல்லை. மானாவாரி நிலத்தில் மிளகாய் போடும் வீடு. பதினாறு வயதில் திருவிழாவில் நாடகம் பார்த்துவிட்டு, மறுநாளே வயதான ராஜபார்ட் ஒருவரைத் தேடிப் போய், அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து பாடம் கேட்டீர்கள். மூன்று ஆண்டுகள். தந்தை பேசாமல் இருந்ததும் மூன்று ஆண்டுகள் என்றீர்கள். ஆடிக்குப் பிறகு நாடகம் குறைந்ததும் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்கள். அந்தத் தூசி தொண்டைக்கு ஆகாது என்று தெரிந்தும் போகிறீர்கள்.

உங்கள் ஒப்பனைப் பெட்டியின் மூடியில் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று சங்கரதாஸ் சுவாமிகள். இன்னொன்று தியாகி விஸ்வநாத தாஸ். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் இதே வள்ளி திருமணத்தில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்விட்டவர். கதர் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனவர். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர நடிகைகள் பலர் மறுத்தபோது மேடையேறியவர்களில் கே.பி. ஜானகியம்மாளும் ஒருவர். இதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர் இல்லை நீங்கள். வேறோர் ஊரில், உங்கள் சாதியைக் கேட்டுவிட்டு, ஒப்பனைக்கு வீடு தர மறுத்து மாட்டுக்கொட்டகையைக் காட்டியதைச் சொன்னீர்கள். எந்த ஊர் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டீர்கள். எங்கள் பள்ளி வகுப்பறையைத் திறந்து, மின்விசிறி போட்டு, நிலைக்கண்ணாடி கொண்டுவந்து வைத்த தலைமை ஆசிரியருக்கு ஏன் இவ்வளவு முறை நன்றி சொன்னீர்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதே நன்றியை ஊரும் அவருக்குச் சொல்கிறது.

நாரதர் ஐயா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலை மூடியபோது வயது நாற்பத்திரண்டு. இரவு வேலையின்போது தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடித்தான் குரல் வளர்ந்தது என்றார். திருக்குறளும் திருப்புகழும் தர்க்கத்தில் அவர் வாயிலிருந்து வந்த வேகத்தைக் கண்டு எங்கள் தமிழாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று நான் பிறகு சொன்னபோது ஆசிரியரால் வெகுநேரம் பேச முடியவில்லை.

பபூன் தம்பிக்கும், அவரோடு ஆடிய அக்காவுக்கும். இரவு பத்து மணிக்கு வந்து நின்று, கலைந்து கிடக்கும் கூட்டத்தை உட்கார வைக்கும் வேலை உங்களுடையது. அக்கா, நீங்கள் கரகம் ஆடியவர். அந்த வாய்ப்புகள் குறைந்ததால் நாடகத்துக்கு வந்தவர். கூட்டத்திலிருந்து ஒருவன் தகாத சொல் சொன்னான். நீங்கள் ஆட்டத்தை நிறுத்தாமல், அவனைப் பார்க்காமல், முன்வரிசைக் கிழவிகளைப் பார்த்தே ஆடினீர்கள். அவனை வெளியே அனுப்பினோம். ஆனாலும் அது எங்கள் திடலில் நடந்தது. இந்த மடலில் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறோம். மூன்று பிள்ளைகளில் மூத்தவள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னபோது உங்கள் முகம் இருந்த விதம் எனக்கு மறக்காது.

இனி அந்த நாற்பது நிமிடங்கள். தர்க்கம் பாதியில் இருக்கும்போது தூறல் விழுந்து மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கூட்டம் எழுந்துவிடும் என்று நான் பயந்தேன். ஆர்மோனியம் வாசித்த பெரியவர், வயது அறுபத்தெட்டு, விரலைக் கட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. "சுருதியைக் குறைக்காதே அம்மா, கடைசிப் பாயில் இருப்பவருக்கும் கேட்கட்டும்" என்று இருட்டில் சொன்னது எனக்குக் கேட்டது. கோயிலிலிருந்து இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வந்தன. வள்ளி, தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் ஆலோலப் பாட்டைப் பாடினார். மைக் இல்லை. பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், மேடைக்கு அருகே வந்து உட்கார்ந்தார்கள். மைக் வராத காலத்தில் அந்நாளைய நாடக மேடைப் பாடகர்களான கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஊர் ஊராக இப்படித்தானே பாடியிருப்பார்கள். என் தந்தை அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். காரணத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பெரியவரே, வள்ளிக்கு ஓரிடத்தில் அடி மறந்தது. நீங்கள் அதைப் பின்பாட்டில் எடுத்துக்கொடுத்தீர்கள். முருகன் மூச்சு வாங்கிய இடத்தில் ஆலாபனையை நீட்டினீர்கள். இவற்றைக் கவனித்தவர்கள் எங்கள் ஊரில் நான்கைந்து பேர் இருப்பார்கள், அவர்கள் சார்பில் சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் கொடுத்த அந்தப் பழைய பெட்டியின் துருத்தி இரண்டு இடங்களில் ஒட்டுப்போடப்பட்டிருந்தது. அதைச் சரிபார்க்கும் செலவை விழாக் குழு ஏற்கிறது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட் வாசித்த மூவருக்கும், சீன் கட்டியவர்களுக்கும், மழையில் நனையாமல் திரைகளை இறக்கி ஏற்றிய பையன்களுக்கும், கலைஞர்களை அமர்த்தித் தந்த மதுரை முகவருக்கும், இரவு ஒன்றரை மணிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த மேலத்தெரு வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த பங்குனிக்கும் நாடகம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பவளக்கொடி வைக்கலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள். வெற்றிலை பாக்கும் முன்பணமும் தை மாதமே வந்து சேரும். அப்போது ஒப்பனை அறையில் நிலைக்கண்ணாடி இரண்டாக இருக்கும்.

வள்ளி அம்மா, புறப்படும்போது நோட்டீஸ் ஒன்று கிடைக்குமா என்று கேட்டீர்கள். தாயார் தம் நாடக நோட்டீஸ்களை எல்லாம் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதாகவும், உங்களுடையதையும் அதன்மேல் வைப்பதாகவும் சொன்னீர்கள். அந்த நேரத்தில் கையில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சுவர்களில் இருந்தன. அச்சகத்தில் கேட்டு வாங்கி, மடிக்காமல் அட்டை வைத்து, நேற்று இரண்டு நோட்டீஸ்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.