தீட்டில் மட்டும் பங்கு

நாகப்பட்டினம்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தோழிக்கு,

நான்கு மாதமாகப் பதில் எழுதவில்லை. நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்றாவது முறை கேட்டதில் கோபம் தெரிந்தது, நியாயமான கோபம்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனாலும் கோயிலுக்கு நடந்தே போகிறார். பெரியவன் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பெட்டிக்கடை மாமா உன் டீ பாக்கியை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். ஜெனீவாவில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். 2005-இல் சுனாமி நிவாரணம் என்று வந்து சாலையோரம் மலை மலையாகக் கிடந்த கம்பளிச் சட்டைகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னேனே, கேட்டாயா?

போகட்டும். வேலை அதிகம் என்பதால் நான் எழுதாமல் இருக்கவில்லை. நீ அனுப்பிய படிவத்தால்தான் எழுதவில்லை. 58 பக்கம். களத்தில் வேலை செய்யும் உள்ளூர் அமைப்புகளை எப்படி எடைபோடுவது என்று உங்கள் நிதி நிறுவனம் தயாரித்திருக்கும் கேள்விகள். "இருபது வருடம் களத்தில் இருந்தவள் நீ, குறை இருந்தால் சொல்" என்று கேட்டிருந்தாய். அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்ட அதே வாரத்தில்தான் அகஸ்தியம்பள்ளிக்கு, உப்பளப் பெண்களின் கூட்டமைப்பை நடத்தும் நம் அக்காவைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்த பிறகு அந்தப் படிவத்தைத் திறக்க மனம் வரவில்லை.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டதும் எங்கள் கை கட்டப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. வாங்கியவர்தான் செலவழிக்க வேண்டும். அதுவரை எங்கள் வேலையே அதுதான். நீங்கள் எங்களுக்கு அனுப்புவீர்கள், நாங்கள் ஊரில் இருக்கும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். சட்டம் மாறியதும் எங்கள் நிர்வாகம் 'நேரடி அமலாக்கம்', அதாவது ஊர் வேலையையும் நாங்களே செய்வது, என்று ஒரு முடிவெடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊர் தெரிந்த ஆள் எங்களிடம் யார் இருக்கிறார்? அக்காவிடம் பத்து வருடம் பயின்ற பெண்களில் நான்கு பேரைக் கூடுதல் சம்பளம் கொடுத்து எங்கள் ஊழியர்களாக எடுத்துக்கொண்டோம். அவர் வளர்த்த ஆட்களை அவரிடமிருந்தே எடுத்தோம். அதற்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி வந்திருக்கிறது. உள்நாட்டுப் பணம், அந்தச் சட்டத்தின் தடை இதற்கில்லை. புயல் வருவதற்கு முன்பே ஆயத்தம் செய்துகொள்ளும் திட்டம்: தார்ப்பாய் இருப்பு, ஜெனரேட்டர், படகுக்காரர்களோடு முன்கூட்டியே பேசி வைத்த வாடகை. அக்காவின் கூட்டமைப்பைத் தவிர வேறு யாரையும் இதற்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஆசையோடு போனேன்.

வழக்கம்போல மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பங்குதாரர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்தது பங்காளிதான். பங்காளி என்றால் சொத்திலும் பங்கு, தீட்டிலும் பங்கு. கஜா புயலில் எங்களுக்குத் தீட்டு மட்டும்தானே வந்தது?"

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் உள்ளே போய்க் கூட்டமைப்பின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து வந்து 2020-ஆம் வருடப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, விடியலுக்கு முன்னால் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, ஏற்றுவதற்கு மின்சாரம் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று, பேரிடர் உதவிக்குக் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டை வைத்து நாம் எத்தனை பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்போம். அங்கே குடிக்கவே இல்லை. மறுநாளே அக்கா எங்கேயோ போய் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஊர் ஊராக நகர்த்தித் தொட்டியை நிரப்பினார்கள். நான் 18-ஆம் தேதி பைக்கில் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முகாம் நடந்த பள்ளிக்கூடத்தின் வாசற்படியில் நின்று, இருபது முப்பது பெண்கள் கேட்க, நான் சொன்னேன்: "நீங்கள் செய்துகொண்டே இருங்கள் அக்கா. பணம் வந்துவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன்."

பணம் வந்தது. ஒப்பந்தத் தேதி டிசம்பர் 1.

மறு வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள் நவம்பர் மாதச் செலவு முழுவதையும் அடித்துவிட்டார்கள். ஒன்பது நாள் ஜெனரேட்டர் வாடகை 58,500. டீசல் 21,900. தார்ப்பாய் 32,000. மொத்தம் 1,12,400 ரூபாய். மூன்று காரணங்கள் எழுதியிருந்தார்கள்: ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய செலவு, மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கவில்லை, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம். ஏடிஎம் ஒன்றுகூட வேலை செய்யாத ஊரில் ரொக்கம் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்ததே ஒரு ஜெனரேட்டர், மூன்று விலைப்புள்ளிக்கு எங்கே போவது? இந்த வாதங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். கூட்டத்தில் இதில் பாதியைச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை: "செய்யச் சொன்னது நான்தான்" என்று. என் வாய்ச்சொல்லுக்கு எழுத்து இல்லை, நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று எங்கள் அலுவலகக் கணக்கு சார் காதில் சொன்னார். பேசாமல் இருந்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அக்காவுக்குக் கடிதம் போனது. கையெழுத்து என்னுடையது. மூன்று தவணையில் திருப்பிக் கட்டினார். எங்கிருந்து கட்டினார் என்று நான் கேட்கவே இல்லை. வேறு ஏதோ திட்டத்தில் சரிக்கட்டியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தீர்மானப் புத்தகத்தில் எங்கிருந்து என்று இருக்கிறது. உப்பளத்துப் பெண்கள் மாதம் ஐம்பது ரூபாய் போட்டுச் சேர்க்கும் மழைக்கால நிதி. மழை விழுந்துவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது, தெரியுமே. அந்த மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் எடுத்துக்கொள்ள அவர்களே அவர்களுக்காகச் சேர்த்த பணம். இரண்டு மழைக்காலம் யாருக்கும் கடன் கொடுக்க முடியாமல் போயிருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. மேடம் வாசற்படியில் சொன்னதை நாங்களே கேட்டோம், சாட்சி சொல்கிறோம் என்று இரண்டு பெண்கள் எழுந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில்: "வாய்ச்சொல்லுக்குச் சாட்சி வைக்க வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்." அதன் கீழே முப்பத்தேழு கையெழுத்தும் கைநாட்டும்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு.

நாங்கள் கொடுத்த ரசீதையும் அங்கேயே ஒட்டி வைத்திருக்கிறார். 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று அச்சிட்டது. கீழே என் பெயர்.

இதற்குப் பிறகு உன் 58 பக்கத்தை எப்படிப் படிப்பேன்? நேற்றுத்தான் தைரியமாகத் திறந்தேன். வாகனப் பயன்பாட்டுக் கொள்கை இருக்கிறதா என்று கேட்கிறாய். அக்காவிடம் இருப்பது ஒரு பழைய மொபெட். ஐந்து வருடத் தணிக்கை அறிக்கை, கொள்முதல் கையேடு, ஆபத்துப் பதிவேடு என்று எல்லாம் கேட்டிருக்கிறாய். இதே கேள்விகளை வேறு வேறு கட்டங்களில் போட்டு ஒவ்வொரு நிதி நிறுவனமும் கேட்கிறது. வெள்ளம் வடியாத வீட்டில் உட்கார்ந்து அவருடைய பெண்கள் ஒரே பதிலை மூன்று படிவத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும் என்று உன் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. கஜா திட்டத்தில் எங்களுக்கு நிர்வாகச் செலவுக்கு விகிதம் போட்டு வந்தது. அக்காவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அவர்களும் கணக்கு எழுதினார்கள், வாடகை கட்டினார்கள், மின்கட்டணம் கட்டினார்கள்.

2016-இல் பணம் கொடுக்கும் நாடுகளும் பெரிய உதவி நிறுவனங்களும் இஸ்தான்புல்லில் கூடி, 2020-க்குள் உதவிப் பணத்தில் கால் பங்கு உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போகும் என்று உறுதி சொன்னார்களே, அந்தச் செய்தி வந்த இரவு நீ எனக்கு எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! நேரடியாகப் போனது ஒற்றை இலக்கச் சதவீதத்திலேயே நின்றுவிட்டது. சுனாமிக்குப் பிறகு 2006-இல் வந்த கூட்டு மதிப்பீட்டிலேயே சொல்லிவிட்டார்கள், முதல் நாட்களில் உயிரைக் காப்பாற்றியவர்கள் அந்தந்த ஊர் மக்கள்தான், பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் அவர்களை ஒதுக்கிவிட்டன என்று. அதைப் படித்துவிட்டு நாம் இரண்டு பேரும் இனி அப்படி நடக்க விடக் கூடாது என்று பேசிக்கொண்டோம். நடக்க விட்டதில் நானும் இருக்கிறேன் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உள்ளூர் என்றாலே உத்தமம் என்று நான் சொல்லவில்லை. 2005-இல் ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலை அப்படியே நம்பிப் படகும் வலையும் கொடுத்தவர்கள் எத்தனை பேர். தலித் கூலித் தொழிலாளிகளின் பெயர் எத்தனை பட்டியலில் இல்லை, தனியாக வாழும் பெண்களின் பெயர் எத்தனையில் இல்லை. அக்காவை நாம் முதலில் பார்த்ததே அப்படித்தானே: பட்டியலில் விடுபட்ட பெயர்களைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்து, நம் மேசைமேல் வைத்துவிட்டு, "இதற்குப் பதில் சொல்லாமல் நான் போக மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் மதிப்பீடு வேண்டாம் என்று நான் எழுதினால் அது பொய். கேள்வி வேறாக இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் யார் பெயர் இல்லை, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள். போன பேரிடரில் யார் உங்களைத் தேடி வந்தார்கள் என்று கேள். வாகனக் கொள்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடு.

இன்னொன்றும் போட வேண்டும், அதுதான் முக்கியம். பேரிடர் நடந்த நாளிலிருந்து செலவு ஏற்கப்படும், ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல. முதல் இரண்டு வாரத்துக்கு ரசீது கிடைக்காத இடத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு கைச்சீட்டு போதும். அப்படியும் ஒரு செலவு ஏற்கப்படாமல் போனால், அதைச் செய்யச் சொன்னவர் சுமக்க வேண்டும், செய்தவர் அல்ல. வாசகத்தை நீ உன் அலுவலக மொழியில் எழுதிக்கொள். இது இல்லாமல் மீதி 57 பக்கத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் என் பெயரை அதில் போடாதே.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் அறங்காவலர் கூட்டம். 2018-இல் வாசற்படியில் நான் என்ன சொன்னேன், தணிக்கைக் கூட்டத்தில் எதைச் சொல்லவில்லை என்பதை நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1,12,400 ரூபாயையும் நிறுவனத்தின் உள்நாட்டுப் பொது நிதியிலிருந்து கூட்டமைப்புக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முடியாது என்றால் என் சேமநல நிதியிலிருந்து எடுத்துக் கட்டுவேன், வீட்டில் பேசிவிட்டேன். கணக்கு சார் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அக்கா வாங்கிக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். நவம்பர் 17 மாலை நாகூரில் ஒரு மாடியில் சிக்னல் தேடிப் பிடித்து உனக்குப் போன் செய்தேன். அப்போது திட்ட ஒப்புதல் உன் மேசையில்தான் இருந்தது. நீ சொன்னாய்: "நீ தொடங்கச் சொல், பணம் வந்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்." மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நான் சொன்னது உன் வார்த்தையைத்தான், ஒரு எழுத்து மாறாமல். ஒப்புதலுக்குப் பதினான்கு நாள் ஆனது உன் தவறில்லை என்று எனக்குத் தெரியும்; உனக்கு மேலே மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் அன்று நீ என்னிடம் அதைச் சொன்னாய் என்பதும், எதற்காக ஒப்புதல் தள்ளிப்போனது என்பதும் எங்கள் கோப்பில் எங்குமே இல்லை.

அதை ஒரு பக்கத்தில் எழுதி, உன் பெயரில் கையெழுத்திட்டு, வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பு. எழுத முடியாது என்றால் அதையும் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு, நான் என் நான்கு பக்கத்தோடு மட்டும் போகிறேன்.

குழந்தைகளுக்கு என் அன்பு. அம்மா உன்னைக் கேட்டார்.

உன்
பழைய மேசைத் தோழி