உளவியலாளரை மருத்துவர் ஆக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மேற்படிப்புப் பக்கத்தில், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் குணம் இருந்தால் மனநல மருத்துவர் ஆகிவிடலாம் என்று ஒரு வரி படித்தேன். கீழே போட்டிருந்த படிப்போ உளவியல் பட்டம். மனநல மருத்துவர் டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் மனநோய் மருத்துவத்தில் பயிற்சி முடித்தவர்; மருந்து எழுதிக் கொடுப்பவர். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இரண்டையும் ஒன்றாக்கினால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

என் மகள் உளவியலாளர். நான்கு ஆண்டு ஆனர்ஸ் படித்தாள். முதுகலையில் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, அப்புறம் இரண்டு ஆண்டு கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மனநலச் சிகிச்சைக்கான உளவியல், படித்தாள். சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் சேர, மேற்பார்வையில் 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று ஓடினாள். நோயாளியிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய், ஏன் அங்கே மௌனமாக இருந்தாய் என்று மேற்பார்வையாளர் துருவுவாராம். பல இரவு சாப்பிடாமலே படுத்திருக்கிறாள். உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் வைத்து, “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா?” என்று கேட்டதையும் தாங்கிக்கொண்டாள். பொறுமைக் குணம் மட்டும் போதுமென்றால் இத்தனை வருடம் எதற்கு?

என் தம்பி கதையையும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவன், ‘தெரபிஸ்ட்’ என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் போனான். ஒரு தடவைக்கு 150 வெள்ளி. சுவரில் நான்கு சான்றிதழ். நான்கும் சில வாரப் படிப்புகள் என்று பிறகுதான் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினான். மூன்றாவது வாரம் நடுராத்திரி ஆம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். நாங்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம், என்ன படித்தீர்கள் என்று கேட்கவில்லை.

துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கு, அதாவது டாக்டர், தாதி அல்லாத சிகிச்சையாளர்களுக்கு, பதிவைக் கட்டாயமாக்கி சிங்கப்பூரில் 2011இல் சட்டம் வந்தபோது, முதலில் சேர்ந்தவை பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை மூன்றும்தான். உளவியலாளர் அதில் இல்லை. அந்தக் காலத்திலிருந்தே யார் உண்மையாகப் படித்தவர் என்று பார்ப்பது எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது. தமிழில் மட்டும் படிக்கிற என் அம்மாவுக்கு அதைச் சொல்லித்தரும் இடம் உங்கள் பத்திரிகைதான். வயதானவர்கள் வேறு எங்கே போவது?

அடுத்த ஞாயிறு சிறு திருத்தம் போடுங்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் என்று மூன்று சொற்களையும் பிரித்து எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் மனநல அறிவுரை சொல்பவர் பெயருக்குக் கீழே, அவர் என்ன படித்தார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி